நெல் ரேக்குக்கு எந்த கிட்? கூட்ஸ் வேகன் கிட்களின் தரம் பற்றி ஒரு விரிவான பதில்

நீடாமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மாமா பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம். எச்.ஓ. ஸ்கேலில், அதாவது நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு அளவில், நாமே கட்டும் மாதிரி கூட்ஸ் வேகன் கிட் வாங்கி வரச் சொல்லலாம் என்று இருக்கிறார். ஆதர்ன், அக்யூரெயில், டிச்சி, ரெசின் கிட், இங்கிலாந்து பார்க்சைடு என்று பெயர்களைப் படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. எது தரம்? எதை வாங்கினால் தங்கள் ஊர் ஸ்டேஷனில் நெல் ஏற்றும் ரேக்கை, அதாவது வேகன்களின் முழு வரிசையை, செய்யலாம்? இதுதான் கேள்வி.

தம்பி, நீடாமங்கலம் என்றதும் எனக்கு அந்த ரயில்வே கேட்தான் ஞாபகம் வந்தது. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் போகிறவர்களில் அங்கே மாட்டிக்கொள்ளாதவர் யார்? நெல் ரேக்கை முன்னும் பின்னும் தள்ளி ஷன்டிங் முடிகிற வரைக்கும் பஸ், லாரி, மாப்பிள்ளை அழைத்து வரும் கார் எல்லாம் வரிசையாக நிற்கும். மற்றவர்கள் வாட்சைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் நான் நெல் ஏற்றும் பி.சி.என். என்ற மூடு வேகனின் பக்கவாட்டு விலாக்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டிருப்பேன். அதனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

எது தரம் என்பதற்கு அமெரிக்கக்காரர்கள் சொல்லும் விடையை அப்படியே எடுத்துக்கொண்டால் மாமாவின் காசு வீண். இன்ன ரயில்வேயின் இன்ன வருடத்து வேகனில் ஏணிக்கு எத்தனை படி, எழுத்து எந்தப் பலகையில் ஆரம்பித்தது, அது கிட்டில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர்கள் மார்க் போடுவார்கள். அவர்களுக்கு அது நியாயம். நமக்கோ அந்த ஏணியும் எழுத்தும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தள்ளப்போகிற சமாச்சாரம். நெல் ரேக் செய்யப்போகிறவருக்கு வேண்டிய தரம் வேறு.

நான் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் ஒரு வகையில் கிட்தான். அடி, தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுத் திருகி மாட்டுவது. வாங்க வருகிறவர் உச்சியில் இருக்கும் அன்னத்தைப் பார்ப்பார். நான் விளக்கைத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பேன். தண்டு சாய்ந்திருந்தால் அன்னம் எவ்வளவு அழகாக இருந்தும் எண்ணெய் ஒரு பக்கமாகத்தான் வழியும். வேகன் கிட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். முதலில் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்ப்பது. மேலே இருப்பது அப்புறம்.

ஆதர்னிலிருந்து ஆரம்பிக்கலாம். நீலப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் கிட்கள். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே இதை வைத்துத்தான் இந்தப் பொழுதுபோக்கைக் கற்றுக்கொண்டது. பெட்டியைக் குலுக்கினாலே வண்டி தயாராகிவிடும் என்று அவர்களே கேலி செய்வார்கள். ஒரே வார்ப்பாக பாடி, அதற்குள் உட்காரும் தளம், கனத்துக்கு ஒரு எஃகுத் தகடு, அடியில் ஃப்ரேம், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி இரண்டு, திருகு இரண்டு. அரை மணி நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். 2009-ஆம் ஆண்டோடு இந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவ்வளவு விற்றிருப்பதால் ரயில் பொம்மைச் சந்தைகளில் இன்றும் பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மாமா இருக்கும் ஊரில் அப்படி ஒரு சந்தை நடந்தால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன் குறைகள் ஊரறிந்தவை. ஏணியும் கைப்பிடியும் பாடியோடு சேர்த்து வார்த்தவை, அதுவும் தடியாக. நிஜ வேகனில் முக்கால் அங்குலக் கம்பி, 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் கால் மில்லிமீட்டர்கூட வராது. ஆதர்னில் அது வாழைத்தண்டு மாதிரி நிற்கும். வண்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் கப்ளரின் பெட்டிக்குத் தகட்டு மூடி வெறுமனே அழுத்தி மாட்டியிருக்கும். பத்து வேகன் இழுக்கும்போது ஏதாவது ஒன்று கழன்று தண்டவாளத்தில் விழும். துளை போட்டுச் சின்னத் திருகு வைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: அதன் பாடி சதுரம் தப்பாது. கண்ணாடிப் பலகையில் வைத்தால் நான்கு மூலையும் உட்காரும். அந்த எஃகு அச்சை வெட்டினவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

அக்யூரெயில் இதற்குத் தம்பி மாதிரி. இதுவும் ஒரே வார்ப்பு பாடிதான், கைப்பிடியும் ஏணியும் சேர்த்து வார்த்ததுதான். ஆனால் மெல்லிசாக, கூர்மையாக இருக்கும். பிரேக் சிலிண்டர், குழாய் எல்லாம் தனியாக ஒட்ட வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை. இன்றைக்கும் கிட்டாகவே விற்கிறார்கள் என்பது பெரிய விஷயம், ஏனென்றால் மற்ற பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் முடித்த வண்டிக்குப் போய்விட்டன. எழுத்து அச்சடிப்பு அற்புதமாக இருக்கும். நமக்கு அது வேண்டாம். எழுத்தும் வர்ணமும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் நிறத்தில் வரும் கிட் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவ்வளவு அழகாக அடித்த எழுத்தைத் தேய்க்கும்போது பாவம் செய்கிற மாதிரி இருக்கும்.

பவுசர் பழைய கிட்களும் இதே வகுப்பு. புரோட்டோ 2000 என்று ஒன்று இருந்தது. விவரம் அபாரம், ஆனால் பாகங்கள் அப்பளம் மாதிரி ஒடியும். கண் நன்றாக இருக்கும் வயதில் செய்யலாம்.

டிச்சி வேறு ஜாதி. இங்கே வேகன் ஒரே துண்டாக வராது. பல கிட்களில் பக்கம், முனை, கூரை, அடிச்சட்டம் எல்லாம் தனித்தனித் தகடுகள். கைப்பிடிக்குப் பாஸ்பர் வெண்கலக் கம்பி. கட்டி முடித்தால் அடியில்கூட பிரேக் கம்பிகள் ஒன்றுக்கொன்று போய்ச் சேருவது தெரியும். வார்ப்பில் பிசிர் கிடையாது, துளை வைத்த இடத்தில் துளை இருக்கும். பிளாஸ்டிக்கில் இதைவிடச் சுத்தமான வேலையை நான் கண்டதில்லை. ஆனால் சதுரமாகக் கட்டும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஆதர்னில் அச்சு வெட்டினவர் பார்த்துக்கொண்டதை இங்கே நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மூலை அரை மில்லிமீட்டர் தூக்கினால் அந்த வேகன் தண்டவாளம் பிரியும் ஒவ்வொரு பாயின்ட்டிலும் தடம் புரளும். இன்னொன்று: நம் ஊர் வேகன் எதற்கும் அது முழுதாகப் பொருந்தாது. அதனால் டிச்சி கிட்டை விட்டுவிட்டு, டிச்சி தனியாக விற்கும் கைப்பிடி, ஏணி, பிரேக் சக்கரம் இவற்றை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பொட்டலம் கனமும் இருக்காது.

அடுத்து ரெசின். வெஸ்டர்ஃபீல்ட், ஃபுனாரோ அண்ட் கேமர்லெங்கோ என்று பெயர் படித்திருப்பீர்கள். பிளாஸ்டிக் கிட்டுக்கு எஃகு அச்சு. ஆயிரக்கணக்கில் அடித்துத்தான் அதன் செலவை எடுக்க முடியும். அதனால் ஊரே கேட்கிற வேகனைத்தான் செய்வார்கள். நூறு பேர் மட்டும் கேட்கிற அபூர்வ வேகனுக்கு ரெசின்தான் வழி. மாதிரி ஒன்றைக் கையால் செய்து, அதன் மேல் சிலிகான் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்து, அதில் ரெசின் வார்ப்பது. ரப்பர் அச்சு சில பத்து வார்ப்புக்குள் நைந்துவிடும். நைந்த அச்சில் கடைசியாக வந்தது உங்கள் பெட்டியில் இருந்தால் ஓரங்கள் மழுங்கி, குமிழித் துளையோடு வரும். முதலில் வந்தது என்றால் ஆணித்தலை ஒவ்வொன்றும் தெரியும். ஒரே கம்பெனியின் ஒரே கிட் இரண்டு பேருக்கு இரண்டு தரத்தில் வருவது இதனால்தான். சுவாமிமலையில் இந்தப் பிரச்சினையே இல்லை: மெழுகு மாதிரி ஒன்று, அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசிய அச்சு ஒன்று, சிலை ஒன்று. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும்.

ரெசின் தகடுகளை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்குத் தடவியது மேலே இருக்கும், வர்ணம் பிடிக்காது. பிளாஸ்டிக் ஒட்டும் திராவகம் இதில் வேலை செய்யாது. உடனடிப் பசை அல்லது அரால்டைட் வகைதான். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

என் அனுபவம் ஒன்று. ஒரு ரெசின் கிட்டை ஆசை ஆசையாக வரவழைத்து, பாதி கட்டி, மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அக்னி நட்சத்திரம். நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் பக்கப் பலகை இரண்டும் பூவரசு இலை மாதிரி உள்பக்கம் வளைந்து நிற்கின்றன. வெந்நீரில் போட்டுக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தி நிமிர்த்தலாம், நிமிர்த்தினேன். அடுத்த சித்திரையில் திரும்ப வளைந்தது. கிட்டைக் குறை சொல்ல மாட்டேன், அது குளிர்ந்த ஊர்க்காரனுக்காகச் செய்தது. நம் ஊரில் ரெசின் வேகனுக்குள் குறுக்குச் சட்டம் இரண்டு மூன்று சேர்த்துக் கொடுத்தால்தான் நிற்கும்.

இங்கிலாந்து கிட்கள் நான்கு சக்கர வேகன்கள். ஸ்கேல் 1:76, ஆனால் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். பார்க்சைடு இப்போது பீக்கோ கம்பெனி கையில் இருக்கிறது, நல்ல வார்ப்பு. டாபோல் விற்பது ஏர்ஃபிக்ஸ் காலத்துப் பழைய அச்சுகளிலிருந்து வருபவை. மலிவு, பிசிர் அதிகம், அலமாரியில் வைக்க ஆகும், ஓட்ட வேண்டுமானால் சக்கரத்தை மாற்ற வேண்டும். உங்களுக்கு இது எதற்கு என்றால், நம் பழைய மூடு வேகனுக்காக. பஃபரும் கொக்கிச் சங்கிலியுமாக அந்தக் காலத்தில் நெல்லும் உரமும் ஏற்றிப் போன நாலு சக்கர வண்டி. இங்கிலாந்து வண்டி நிஜத்தில் நம் வண்டியைவிடச் சின்னது. ஆனால் 1:76-இல் செய்த 17½ அடி வண்டியை 1:87 என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் 20 அடி வண்டியாகத் தெரியும். ஸ்கேல் வித்தியாசம் நமக்குச் சாதகமாக வேலை செய்கிற ஒரே இடம் இது. நாலு சக்கர வண்டியில் ஒரு சிக்கல்: போகி கிடையாது, ஆகவே தண்டவாளத்தின் மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. நாலு சக்கரமும் கண்ணாடியில் ஒரே சமயத்தில் தொடும்படி கட்ட வேண்டும். பசை காய்வதற்கு முன் கண்ணாடியில் நிறுத்தி, மேலே எடைக்கு ஒரு அரிசி அளக்கும் படியை வைத்துவிடுங்கள்.

மரத்தில் செய்யும் கிட்களும் உண்டு. நம் ஊர்க் கரையானுக்கு நாமாக விருந்து வைக்க வேண்டாம்.

சரி, உங்கள் நெல் ரேக்குக்கு வருவோம். பி.சி.என். வேகன் கப்ளருக்குக் கப்ளர் 15,429 மி.மீ.; எச்.ஓ.வில் 177 மி.மீ. வரும். பாடி மட்டும் 14.5 மீட்டர், அதாவது 167 மி.மீ. ரேக்குக்கு 42 வேகன் என்று வைத்தால் ஏழு மீட்டருக்கு மேல் போகும். வீட்டில் அதற்கு இடம் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. நான் 12-இல் நிறுத்திக்கொண்டேன். அமெரிக்க மூடு வேகனான 50 அடி பாக்ஸ்காரின் பாடி நம் பாடியைவிட எச்.ஓ.வில் ஒன்றரை சென்டிமீட்டர் போல நீளம், 40 அடி வண்டி குட்டை. கதவும் ஒத்து வராது: அவர்கள் கதவு பக்கவாட்டில் நழுவும், நம் கதவு வெளியே மடங்கித் திறக்கும். ஆகவே எந்த கிட்டும் அப்படியே பி.சி.என். ஆகாது. 50 அடி பாடியை நடுவில் வெட்டிக் குறைத்து, பக்கங்களை மழமழவென்று தேய்த்து, அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு போர்த்தி, மேலே விலாப் பட்டைகளை ஒட்ட வேண்டும். கிட் பாடி உள்கூடாகத்தான் நமக்குப் பயன்படுகிறது. உள்கூட்டுக்கு வேண்டியது சதுரமும் உறுதியும். ஆதர்னும் அக்யூரெயிலும் அதைக் கொடுக்கின்றன. அவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள கிட் அதற்கு மேல் கொடுப்பதையெல்லாம் நாம் தேய்த்து எறிவோம்.

காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும், கூரையில்லாத பாக்ஸ்-என் வேகனும் பின்னால் ஒரு நாள் செய்ய ஆசை வரும். அது 10,713 மி.மீ., எச்.ஓ.வில் 123 மி.மீ. அடியில் திறந்து நிலக்கரி கொட்டும் அமெரிக்கப் பழைய இரட்டை ஹாப்பர் வண்டி நீளத்திலும் உயரத்திலும் இதற்கு மிக நெருக்கம். ஆனால் அதன் முனைகள் சரிந்திருக்கும், நம்முடையது நேர்ச் சுவர். அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே தகட்டில் கட்டிவிடலாம். நிலக்கரி ஏற்றிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

இப்போது அடிக்கு வருகிறேன். தரம் என்று நான் நினைப்பது இங்கேதான் இருக்கிறது.

நம் வேகன்களின் போகிக்குக் காஸ்னப் என்று பெயர், வார்ப்பெஃகில் செய்தது. இரண்டு பக்கச் சட்டம், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். அமெரிக்கச் சரக்கு போகியும் அதே குடும்பம். பக்கவாட்டில் பார்த்தால் அவர்களுடைய 100 டன் போகி நமக்குப் போதுமான அளவு ஒத்துப்போகிறது. சக்கரம்தான் இடிக்கும். நம் சக்கரம் புதிதாக இருக்கும்போது 1,000 மி.மீ. விட்டம், எச்.ஓ.வில் 11.5 மி.மீ. அமெரிக்கப் பழைய வேகனின் 33 அங்குலச் சக்கரம் 9.6 மி.மீ.தான் வரும். அதைப் போட்டால் பி.சி.என். செருப்பில்லாமல் நடக்கிற மாதிரித் தெரியும். 100 டன் போகிக்கான 36 அங்குலச் சக்கரம் 10.5 மி.மீ.; அதைக் கேட்டு வாங்குங்கள். மீதி ஒரு மில்லிமீட்டரை விட்டுவிடலாம்.

கிட்டில் பிளாஸ்டிக் சக்கரம் வந்தால் தயங்காமல் கழற்றிவிட்டு உலோகச் சக்கரம் போடுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் தண்டவாளத்து அழுக்கைச் சேர்த்துக்கொண்டே போய், சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் கட்டும். இன்டர்மவுன்டன் சக்கரங்களை நான் பயன்படுத்துகிறேன், திருப்தி. ஆக்ஸில் முனை ஊசி மாதிரி இருக்கும். போகிச் சட்டத்தில் உள்ள கூம்புக் குழியில் அது உட்கார்ந்து சுழல்கிறது. ஆக்ஸில் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு மயிரிழை மாறும். நீளம் கூடினால் இறுகும், குறைந்தால் தொளதொளக்கும். அதனால் ஒரே போகி, ஒரே சக்கரம் என்று 12 வேகனுக்கும் ஒரே கம்பெனியில் வாங்கிவிடுவது நல்லது. சோதனை சுலபம்: ஒரு மீட்டர் பலகையில் ட்ராக்கை வைத்து, ஒரு முனையில் 2 சென்டிமீட்டர் தூக்குங்கள். வேகன் தானாக உருண்டு இறங்க வேண்டும். இறங்காதது ரேக்கில் சேராது.

போகியை மாட்டும்போது ஒரு பக்கத் திருகை, போகி இடவலமாகத் திரும்ப மட்டும் இடம் விட்டு, ஆடாதபடி இறுக்குங்கள். மறுபக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, போகி நன்றாக ஆடும்படி விடுங்கள். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறதில்லையா, அந்தக் கணக்கு.

கப்ளர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பி.சி.என்., பாக்ஸ்-என் எல்லாவற்றிலும் இருப்பது அமெரிக்க வகை நடுக் கப்ளர்தான், விரல் மடக்கிப் பிடித்த மாதிரி. ஆகவே அமெரிக்கக் கேடீ கம்பெனியின் கப்ளர் அப்படியே பொருந்தும். பெயர்தான் கேடி, வேலை யோக்கியம். உலோகத்தில் செய்தது. கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கப்ளர்களில் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக். ஒரு வருட வெயிலில் அது தளர்ந்துவிடுகிறது, நீள ரேக்கில் நடுவில் விட்டுக்கொடுக்கும். கேடீயின் 148-ஆம் எண் போதும், கூடவே அவர்களுடைய உயரம் பார்க்கும் கேஜ் ஒன்று. கப்ளர் நடுமட்டம் தண்டவாளத்திலிருந்து 9.9 மி.மீ. நிற்க வேண்டும். நம் ரயில்வேயின் 1,105 மி.மீ. உயரத்தைக் கணக்குப் போட்டால் 12.7 மி.மீ. வரவேண்டும், நம் வண்டி அவர்கள் வண்டியைவிட உயரத்தில் நிற்கிறது. கடையில் வாங்கும் எஞ்சினோடு சேர வேண்டும் என்பதால் நான் 9.9-க்கே கட்டுப்பட்டுவிட்டேன். இதில் மனசு கேட்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்டவாள அகலத்துக்கும் மனசு கேட்காதவர்கள்: அகலப்பாதை 1,676 மி.மீ., எச்.ஓ.வில் 19.3 வர வேண்டும், நாம் ஓட்டுவது 16.5. முன்னாலிருந்து பார்த்தால் வேகன் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நம் பக்கத்துத் தண்டவாளமே ஒரு அகலத்தில் நிலைத்து நின்றதில்லை. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து முதலில் போட்டது அகலப்பாதை, அப்புறம் மீட்டர் கேஜாக மாற்றினார்கள், இப்போது மறுபடியும் அகலப்பாதை.

கனத்துக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது: முதலில் ஒரு அவுன்ஸ், அப்புறம் பாடியின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பி.சி.என். ஆறரை அங்குலம், ஆகவே 4¼ அவுன்ஸ், 120 கிராம். பாக்ஸ்-என் 90 கிராம். இதைவிடக் குறைந்தால் வளைவில் உள்பக்கம் சாயும், கூடினால் எஞ்சின் திணறும். எல்லா வேகனும் ஒரே கணக்கில் இருப்பதுதான் முக்கியம்.

கிட்டில் வரும் எஃகுத் தகடு நம் ஊரில் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு மாதம் போதும். தகட்டுக்கு இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள். குறைகிற கனத்துக்கு நான் நாகப்பட்டினத்தில் வலையில் கட்டும் ஈயக்குண்டு வாங்கி வருவேன். அதில் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம். மூன்று வேகனில் ஈயக்குண்டை வெள்ளைப் பசை ஊற்றி நிரப்பி மூடிவிட்டேன். இரண்டு வருடத்தில் மூன்றும் கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளி, ஒட்டு விட்டுப் பிளந்துவிட்டன. உள்ளே பார்த்தால் ஈயம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அந்தப் பசையின் புளிப்பும் ஈரமும் ஈயத்தைத் தின்று, வந்த உப்பு இடம் போதாமல் பாடியைத் தள்ளியிருக்கிறது. ஈயத்துக்கு அரால்டைட்தான். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

பிளாஸ்டிக் ஒட்டும் திராவகத்தை மாமா கொண்டுவர முடியாது. தீப்பற்றும் பொருள், விமானத்தில் விட மாட்டார்கள். இங்கே பெயர்ப்பலகை செய்கிறவர்கள் அக்ரிலிக் ஒட்டப் பயன்படுத்தும் குளோரோஃபாம் ஸ்டைரீனையும் ஒட்டும். மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு, அவ்வளவுதான். அதிகமானால் தகடு கரைந்து கூழாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். போகிச் சட்டத்துப் பிளாஸ்டிக்கில் இதெல்லாம் பிடிக்காது. வழுக்கலுக்காகவே அந்த ரகம் போடுகிறார்கள், அங்கே திருகுதான்.

எழுத்தை நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும். பழுப்புச் சிவப்பு உடம்பில் வெள்ளை எழுத்து. வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை அடிக்கக்கூடிய இடத்தில் கொடுத்து, வேகனில் ஒட்டும் எழுத்துப் படலமான டெக்கால் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பரை ஏனோதானோ என்று போடாதீர்கள். 11 இலக்கம்: முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு செய்த வருடம், பிறகு நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்க்க. முனையில் பொன்மலைப் பட்டறையின் ஜி.ஓ.சி. என்ற குறியையும் ஒரு வேகனிலாவது போட்டுவிடுங்கள். பார்க்கிற ரயில்வேக்காரர் முகம் மலரும்.

ஆக, மாமாவுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். வர்ணமில்லாத 50 அடி பாக்ஸ்கார் கிட், அக்யூரெயில் அல்லது சந்தையில் கிடைக்கும் பழைய ஆதர்ன், முதலில் நான்கு போதும். அவற்றுக்கு 100 டன் போகி, 36 அங்குல உலோகச் சக்கரம், கேடீ 148, கேஜ் ஒன்று. எவர்கிரீன் ஸ்டைரீன் தகடு அரை மில்லிமீட்டரிலும் ஒரு மில்லிமீட்டரிலும், கூடவே விலாவுக்கு மெல்லிய பட்டைகள். டிச்சியின் கைப்பிடிக் கம்பி ஒரு பொட்டலம். அதை எல்லா வேகனுக்கும் போட வேண்டாம், எஞ்சினுக்கு அடுத்த இரண்டு வேகனுக்குப் போட்டால் போதும், கண் அங்கேதான் நிற்கும். ரெசின் வேண்டாம், இந்தத் தடவை.

பெட்டி வந்த அன்றே நான்கு பாடிகளையும் கண்ணாடியில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்துப் பாருங்கள். சக்கரங்களைப் போகியில் மாட்டிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். கோணல் ஏதாவது இருந்தால், மாமா கனுப் பொங்கல் முடிந்து கிளம்புவதற்குள் அவர் பெட்டியிலேயே திருப்பி வைத்து அனுப்பிவிடலாம்.